நம் வளவில் யார் யார்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். மதியம் வட்டிலப்பம் இருப்பதாக அறிகிறோம். ஆகவே அந்தப் பேச்சு இன்று வேண்டாம். தவளை, பல்லி, பாம்பு, கீரை பற்றிப் பேசலாம்.

மேடையில் ஒருவர் நின்றுகொண்டு "நாங்கள்" என்பது மரியாதைப் பன்மை அல்ல. இந்தப் பாடசாலையில் வெவ்வேறு ஆண்டுகளில் படித்து இப்போது கண்டியிலும் அயலிலும் வசிக்கும் சிலர் சேர்ந்திருக்கிறோம். ஒரு வைத்தியர், இரண்டு ஆசிரியைகள், ஒரு வங்கி உத்தியோகத்தர், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். சனிக்கிழமைக் காலைகளில் எங்கள் வீட்டு வளவுகளிலும் ஒழுங்கைகளிலும் இருக்கிற செடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் படம் பிடித்து, இடமும் நாளும் குறித்துப் பதிந்து வருகிறோம். மேடை ஏற அகப்பட்டவர் ஒருவர்தான்.

முதலில் தவளை. கன்னொறுவை என்றதும் எல்லோருக்கும் சரித்திர பாடம் ஞாபகம் வரும். 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்த இடம். பரீட்சைக்கு ஆண்டைப் பாடமாக்கினோம். அந்தக் குன்று பேராதனைப் பூங்காவுக்கு எதிரே மகாவலியின் அக்கரையில் இருக்கிறது. அங்கே விரல் நுனியில் உட்காரக்கூடிய ஒரு சிறிய புதர்த்தவளை வாழ்கிறது. கண்ணை ஒட்டி முகத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை, முகமூடி போட்டதுபோல. அதனால் முகமூடி அணிந்த சினிமா வீரன் ஸோரோவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்: சூடோபிலோட்டஸ் ஸோரோ. பெயர் வைத்தவர்கள் கெலும் மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும். வைத்த ஆண்டு 2005.

அந்த ஆண்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1821இல் தொடங்கிய தாவரவியற் பூங்கா ஆற்றுக்கு இக்கரையில். நாட்டின் பெரிய பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் அந்தக் குன்றைப் பார்த்தபடி பஸ்ஸில் போய் வருகிறார்கள்! அவ்வளவு பேருக்கும் நடுவில், நம்மில் பலர் உயர்தரம் முடித்து வெளியேறிய பிறகுதான் அந்தத் தவளைக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதே ஆய்வில் மொத்தம் 27 புதிய புதர்த்தவளைகள் விவரிக்கப்பட்டன. அவற்றில் இன்னொன்று நம் பகுதிக்கே உரிய கண்டிப் புதர்த்தவளை, சூடோபிலோட்டஸ் ருஸ். ருஸ் என்றால் இலத்தீனில் நாட்டுப்புறம். அது காட்டில் ஒளிந்திருப்பதல்ல, மிளகுக்கொடியும் கோப்பியும் பாக்கும் பலாவும் அடுக்கடுக்காக நிற்கிற நம் கண்டி வீட்டுத் தோட்டங்களில் இருப்பது. இருட்டி மழை தூறும்போது செடிகளுக்குள் இருந்து 'டிக், டிக்' என்று பூச்சி போல ஒரு சத்தம் கேட்குமே, விடுதியில் இருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இந்தக் குடும்பத்துத் தவளைகளின் குரல் அப்படிப்பட்டது.

இவற்றைப் பற்றி ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. நம் விஞ்ஞானப் புத்தகத்தில் தவளையின் வாழ்க்கை வட்டம் என்று ஒரு படம் வரைந்தோம்: முட்டை, வாற்பேய், கால் முளைத்த வாற்பேய், தவளை. பத்துப் புள்ளிக்குரிய அந்தப் படம் இந்தத் தவளைகளுக்குப் பொருந்தாது. இவை குளத்தில் முட்டையிடுவதில்லை. புதர்களுக்கு அடியில் ஈரமான சருகு மண்ணில் இடும் (ஒரு சில இலையில் ஒட்டும்). வாற்பேய்ப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்து, சுகப்பிரசவம் போல ஒரு குட்டித் தவளையாகவே வெளியே வரும். இப்படிப்பட்ட தவளைகள் இந்தச் சிறிய தீவில் இத்தனை வகை இருப்பது 2002இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் மாதவ மீகஸ்கும்புரவும் சகாக்களும் எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அருங்காட்சியகப் போத்தல்களில் இருக்கிற பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்களை உயிரோடு காணவில்லை.

இங்கேதான் வைத்தியர் குறுக்கிட வேண்டியிருக்கிறது. நம் பாடசாலைகளில் சிரமதானம் என்றால் என்ன செய்கிறோம்? விளக்குமாறும் மண்வெட்டியும் எடுத்துப் புதரெல்லாம் வெட்டி, சருகெல்லாம் கூட்டிக் குவித்துத் தீ மூட்டி, மண் தெரியும்வரை துடைத்து எடுக்கிறோம். கேட்டால் டெங்கு என்கிறோம். டெங்கு விளையாட்டல்ல. மழைக்காலத்தில் வார்டுகள் நிரம்பி வழிவதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில்: யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர், அடைபட்ட கூரைப்பீலி, பூச்சாடித் தட்டு, சில சமயம் மரப்பொந்து, இலைக்கக்கம். உலர்ந்த சருகிலும் மண்ணிலும் அது வளராது. புதர்த்தவளைக்கோ தேங்கிய தண்ணீர் தேவையே இல்லை, சருகுதான் தேவை. ஆகவே தண்ணீர் தேங்குகிற எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு, மதிலோரத்துச் சருகை அப்படியே விட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் நீதி கிடைக்கும். நுளம்புக்கு ஒன்றும் மிஞ்சாது, தவளைக்கு ஒன்றும் குறையாது. உடல்நலமும் இயற்கையும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போகிற இடங்கள் அதிகமில்லை. அகப்பட்ட ஒன்றையும் நாம் கூட்டித் தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது பல்லி. நம் வீடுகளில் பல்லிக்கு இருக்கிற மதிப்பு வைத்தியருக்குக்கூட இல்லை. பயணம் புறப்படும்போது பல்லி சொன்னால் அம்மா நிற்கச் சொல்வார். எந்தத் திசையில் சொன்னது, தலையில் விழுந்ததா தோளில் விழுந்ததா என்று பார்க்க ஒரு சாத்திரமே இருக்கிறது. எந்தப் பல்லி சொன்னது என்று மட்டும் அந்தச் சாத்திரம் கேட்பதில்லை! மின்விளக்கின் கீழே பூச்சி பிடிக்க வருகிறவை எல்லாம் ஒரே இனமல்ல. அவற்றில் ஹெமிடக்டைலஸ் டெப்ரெஸஸ் என்ற ஒன்று இலங்கையில் மட்டுமே உள்ளது. அதன் பொதுப்பெயரே கண்டிப் பல்லி. 1842இல் ஜோன் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேயர் விவரித்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர், நம் ஊரின் பெயரோடு, குசினிச் சுவரில் ஓடித் திரிகிறது. நாம் யால காட்டுக்குச் சிறுத்தை பார்க்க வேனுக்குக் காசு கட்டுகிறோம்.

வளவில் இருப்பவற்றைக் குறித்து வைப்பது நம் ஊரில் புதிய பழக்கமல்ல. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பிப் போய் 1681இல் வெளியிட்ட புத்தகத்தில் அரசனைப் பற்றி எழுதியதோடு அட்டையைப் பற்றியும் எறும்பைப் பற்றியும் தாளிப்பனை ஓலையைக் குடையாகப் பிடிப்பதைப் பற்றியும் எழுதினார். பூங்காவின் முதல் பொறுப்பாளர் அலெக்சாண்டர் மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டபோது சிங்களப் பெயர்களையும் சேர்த்தே அச்சிட்டார். 1849இல் வந்த துவைட்ஸ் பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை, 1882இல் கண்டியில்தான் காலமானார். அவருக்குப் பின் வந்த டிரைமன் எழுதத் தொடங்கிய தாவரக் கைநூலின் முதற் பாகம் 1893இல் வந்தது. 1896இல் அவர் இறந்துவிட, ஹூக்கர் அதை 1900இல் முடித்தார்.

இந்தப் பெயர்களைப் பூங்காவின் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அவர்களைவிடப் பிடித்தவர் ஹரமானிஸ் டி அல்விஸ். 1823 முதல் 38 ஆண்டுகள் பூங்காவின் ஓவியராக இருந்தவர். ஒரு பூவின் மகரந்தத்தாளை அளவு பிசகாமல் வரைகிற கை. அவருடைய மகன்மார் வில்லியமும் ஜோர்ஜும் அதே வேலைக்கு வந்தார்கள். 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த பிரெட்ரிக் மூரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலில் உள்ள படங்கள் இந்தக் குடும்பத்தின் கைவண்ணம். புழுவையும் கூட்டுப்புழுவையும் அது தின்னும் செடியையும் சேர்த்து வரைந்தார்கள். அதாவது, பிடித்துக் குத்திவைத்த பூச்சியைப் பார்த்து வரைந்ததோடு நில்லாமல், வளர்த்துப் பார்த்து வரைந்தார்கள். இன்று நாம் கைத்தொலைபேசியால் செய்வது அதே வேலைதான், கை மட்டும் அவ்வளவு தேர்ந்ததல்ல.

எங்கள் தொழிலிலும் ஒருவர் இருந்தார். எட்வர்ட் பிரெட்ரிக் கெலார்ட், இலங்கையில் பிறந்தவர், இராணுவ வைத்தியர். 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு நுவரெலியாவிலிருந்து ஒரு புள்ளித் தவளையை விவரித்தார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு எவரும் அதைக் காணவில்லை. அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் அகப்பட்டது. கெலார்ட் எழுதி வைத்திராவிட்டால் அது தொலைந்ததும் தெரிந்திராது, திரும்பியதும் தெரிந்திராது.

பெண்கள் பாடசாலையில் இதையும் சொல்லவேண்டும். உடவத்தகெலே பக்கம் நீண்ட வாலோடு கிறீச்சிட்டுப் பறக்கிற சாம்பல் முதுகுக் கிளி இலங்கைக்கு மட்டுமே உரியது. ஆங்கிலத்தில் அதற்கு லெயார்ட் கிளி என்று பெயர். லெயார்ட் இங்கே அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அதன் அறிவியற் பெயரில் இருப்பது அவருடைய மனைவி பார்பராவின் பிறந்த வீட்டுப் பெயர், கல்த்ரொப். கணவனின் பெயர் ஊருக்கு, மனைவியின் பெயர் ஏட்டுக்கு. கிளி இரண்டையும் சட்டை செய்யாமல் வாய் ஓயாமல் கத்துகிறது.

பெயர் என்று வந்ததால், எங்களை இந்த வேலையில் கட்டிப்போட்ட காரணத்துக்கே வருகிறோம்.

ஒக்டோபர் மாதம் இந்தியாவிலிருந்து ஒரு குருவி வரும். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. பகலில் சருகுக்குள் தத்தித் திரியும், கண்ணில் படாது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் கூவும். சித்திரை வரும்போது போய்விடும். தமிழில் அதற்குப் பெயர் ஆறுமணிக்குருவி. யாரோ ஒருவர் எத்தனையோ நாள் காதுகொடுத்துக் கேட்டு, நேரம் பார்த்து வைத்த பெயர் அது. ஒரே சொல்லில் ஒரு பதிவேடு. நீல, பச்சை, சிவப்பு என்று நிறத்தை அடுக்கும் பெயர்களைவிட எவ்வளவு உபயோகமான பெயர்! மறுபக்கம், ஏழெட்டாகக் கூடிச் சலசலக்கிற தவிட்டுக்குருவியைச் சிங்களத் தோழிகள் 'தெமலிச்சா' என்பார்கள். பெயரில் நாம் இருக்கிறோம். ஏன் என்று இந்த மண்டபத்தில் பத்து நிமிடம் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஐந்திணையைப் படித்துக் குறிஞ்சிக்கும் முல்லைக்கும் கருப்பொருள் எழுதிய நமக்கு, வாயிற்படியில் முளைத்திருக்கிற பன்னத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால் தெரியாது. டிரைமனின் கைநூலில் தமிழ்ப் பெயர்கள் நிறைய உண்டு, வறண்ட வலயத்துச் செடிகளுக்கு. மலைநாட்டுச் செடிகளின் தமிழ்ப் பெயர்கள் இருப்பது தோட்டங்களில், லயங்களில், வயதான பெண்களின் வாயில். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தவர்கள் தாங்கள் அறிந்த செடியை இங்கே கண்டபோது பழைய பெயரால் கூப்பிட்டார்கள். கொட்டுகொல என்று சந்தையில் கட்டாக வாங்குவது வல்லாரை, முகுனுவென்ன என்பது பொன்னாங்காணி. அறியாத செடிக்குப் புதுப் பெயர் வைத்தார்கள், அல்லது அயலவர் சொல்வதை எடுத்துக்கொண்டார்கள். இவற்றை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. நோயாளிகளாக வரும் பாட்டிமாரிடம் "வீட்டில் என்ன கசாயம் குடித்தீர்கள்?" என்று கேட்க வேண்டியது எங்கள் வேலை. அவர்கள் சொல்கிற பெயர் எந்தச் செடி என்று தெரியாவிட்டால் சிகிச்சையே தடுமாறும்.

ஓர் உதாரணம் போதும். நம் தேசிய வண்ணத்துப்பூச்சி, கறுப்பும் மஞ்சளுமாகக் கையகலத்துக்குப் பறக்கிற அந்தப் பெரிய பூச்சி, முட்டையிடுவது ஈஸ்வரமூலிக் கொடியில். சிங்களத்தில் சப்சந்த. புழுவுக்கு அதுதான் சோறு. பாம்புக்கடிக்கு அதன் வேரை அரைத்துக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. அந்தக் கொடியில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். கொடி வேலியில் இருக்கட்டும், புழு தின்னட்டும். நாம் தின்ன வேண்டாம்.

பாம்பு என்றதும் மண்டபம் அமைதியாகிவிட்டது. நல்லது. நம் மலைப் பக்கத்தில் கொழுந்து பறிக்கிறவர்களையும் இருட்டில் முற்றத்தில் இறங்குகிறவர்களையும் அடிக்கடி தீண்டுவது நாகமுமல்ல, கண்ணாடி விரியனுமல்ல. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த, சருகு நிறமான, ஒரு சாணிலிருந்து இரண்டு சாண் நீளமுள்ள குழிவிரியன். 2009இல் பேராதனை மருத்துவ ஆய்வாளர் கலன மதுவகேயும் சகாக்களும் இந்தக் குழிவிரியன்களை மறுபடி ஆராய்ந்து மூன்று இனங்களாக வகுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வீக்கமும் வலியும் மட்டும்தான். சிலருக்கு இரத்தம் உறைவது குழம்பும், சிறுநீரகம் பாதிக்கப்படும். நாம் பாவிக்கிற இந்தியப் பாம்பு விஷமுறிவு மருந்து இதற்கு வேலை செய்வதில்லை. அந்த மருந்துக்கே கடும் ஒவ்வாமை வரலாம். ஆகவே கடித்தது குழிவிரியனா, வளராத கண்ணாடி விரியனா என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. பிந்தியதற்கு மருந்து கட்டாயம் வேண்டும்.

பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு வருவதுண்டு. வேண்டாம். எட்ட நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். படத்துக்காக ஒரு நிமிடமும் தாமதிக்கவேண்டாம். இதற்கும் வளவுப் பதிவுக்கும் என்ன தொடர்பு என்றால், சும்மா இருக்கிற நாளில் பார்த்துப் பழகிய கண்தான் பதற்றமான நாளில் சரியாகப் பார்க்கும்.

எப்படிப் பதிவது என்று கேட்பீர்கள். நாங்கள் பாவிப்பது ஐநெச்சுரலிஸ்ட் என்ற செயலி. 2008இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் சிலர் பட்டப்படிப்புக்காகத் தொடங்கியது. படம் அல்லது ஒலி, நாள், இடம் மூன்றையும் ஏற்றினால் போதும். பெயர் தெரியாவிட்டால் 'செடி', 'வண்டு' என்று விட்டுவிடலாம், உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் அதையே வாழ்நாளாகப் படித்த ஒருவர் வந்து சொல்வார். பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனத்தைச் சொன்னால் அது ஆய்வுத் தரப் பதிவாகும். பறவைக்கு இ-பேர்ட் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் அதைக் கொண்டு பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பொங்கலன்று பானை பொங்குகிறதா என்று பார்த்த கையோடு மொட்டை மாடிக்குப் போய் மைனாவை எண்ணுகிற அந்த ஏற்பாட்டை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

தனியாக இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் எச்சரிக்கை. வீட்டு வளவில் எடுத்த படத்தை ஏற்றும்போது துல்லியமான இடத்தை மறைக்கிற வசதி செயலியில் உண்டு. அதைப் பாவியுங்கள். 13 வயதுக்குக் குறைந்த தங்கைகளுக்கு 'சீக்' என்ற மற்றச் செயலி இருக்கிறது, கணக்குத் தொடங்கத் தேவையில்லை.

இத்தனை ஓடியாட முடியாது என்கிற அக்காமாருக்கு ஜெனிபர் ஓவனைப் பற்றிச் சொல்கிறோம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் சாதாரண ஒரு வீட்டுத் தோட்டம். 1972 முதல் 2001 வரை 30 ஆண்டுகள் அதற்குள் வந்தது போனதெல்லாம் எழுதி வைத்தார். மொத்தம் 2,673 இனங்கள், அதில் பூச்சிகள் மட்டும் 1,997. அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் அவருக்கு நரம்பு உறையைத் தாக்கும் எம்.எஸ். என்ற நோய் இருந்தது. கை கால் மெல்ல மெல்ல ஒத்துழையாமல் போகிற நோய் என்பதை இங்குள்ள வைத்தியர்கள் அறிவார்கள். அவருடைய நூல் 2010இல் வந்தது. பனி பெய்கிற லெஸ்டரில் அத்தனை என்றால், கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரத்தில், இரு பருவ மழையும் பெறுகிற கண்டியில் ஒரு வளவுக்குள் எத்தனை இருக்கும் என்று எவரும் இதுவரை எண்ணிச் சொல்லவில்லை.

எல்லாம் நல்லதாகவே இருக்கும் என்று நினைக்கவேண்டாம். பதிவு சில கசப்பான விடயங்களையும் காட்டும். வேலியெங்கும் பூக்கிற கந்தபான என்ற நாயுண்ணிச் செடி 1826இல் பூங்கா வழியாக வந்த வெளிநாட்டுச் செடி. பெரிய ஊதா இலைக்காக 1888இல் கொண்டுவந்த மிக்கோனியா இன்று காடுகளுக்குள் புகுந்துவிட்டது. 1856இல் ஒதுக்கக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்ட உடவத்தகெலே மொத்தமே 104 ஹெக்டயர். அதற்குள்ளும் தென்னமெரிக்க பால்சம் மரக்கன்றுகள் நெருக்கியடித்து முளைத்துச் சுதேச மரங்களின் இடத்தைப் பிடிக்கின்றன. அழகாக இருக்கிறது என்று எதையும் நட்டுவிடுகிற நம் பழக்கத்தை அது கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

இனி அதிபர் அவர்களிடமும் சங்கச் செயற்குழுவிடமும் கேட்க வந்தது. விடுதிக்குப் பின்னால் உள்ள சரிவில் நூற்றாண்டு மண்டபம் கட்டப்போகிறோம். மண்டபம் வேண்டும். மழை நாளில் காலைக் கூட்டத்துக்கு நெருக்கியடித்து நின்றவர்கள் நாங்கள். ஆளுக்கு எங்கள் பங்கையும் கட்டியிருக்கிறோம். ஆனால் அந்தச் சரிவை ஐம்பது வருடமாக யாரும் முழுதாக வெட்டவில்லை. பலாவும் கித்துளும், அடியில் கோப்பி முளையும், முழங்கால் அளவு சருகும் இருக்கின்றன. மேற்படிகளில் நின்று சென்ற ஐப்பசியில் இரண்டு மாலை கேட்டோம். குறைந்தது இரண்டு விதமான புதர்த்தவளைக் குரல்கள். ஒலிப்பதிவை ஏற்றியிருக்கிறோம், ஒன்று இன்ன இனம் என்று இன்னும் எவரும் உறுதிசெய்யவில்லை. கண்டிப் புதர்த்தவளையாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம்.

அதனால் மூன்று வேண்டுகோள்கள். எழுத்திலும் கொடுத்திருக்கிறோம். மண் வெட்டத் தொடங்குமுன் ஒரு முழு ஆண்டு, இரண்டு மழைக்காலமும் அடங்க, உயர்தர உயிரியல் மாணவிகளோடு சேர்ந்து அந்தச் சரிவைப் பதிய அனுமதி தாருங்கள். மண்டபத்தின் வரைபடத்தில் நீரோடையை ஒட்டிய பகுதியை, புதரும் சருகுமாக, கட்டடம் படாமல் விடமுடியுமா என்று பொறியியலாளரிடம் கேளுங்கள். மலைச்சரிவில் மரவேர் மண்ணைப் பிடித்திருப்பது மண்டபத்துக்கும் நல்லதே. மூன்றாவதாக, அந்தப் பகுதியைச் சிரமதானப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கிடைக்கிற விவரம் என்னவாக இருந்தாலும் அடுத்த மலரில் அச்சிடுவோம். ஒன்றுமே விசேஷமாக இல்லை என்றாலும் அச்சிடுவோம்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் "நாங்கள் என்ன செய்வது?" என்று நேற்று இரவே கேட்டார்கள். காசு கேட்கவில்லை, பயப்படவேண்டாம். ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருந்தபடி எங்கள் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்ல உதவலாம். அதைவிட அவசரமான வேலை, உங்களோடு இருக்கிற அம்மாவிடம், மாமியிடம், தோட்டத்தில் வளர்ந்த பெரியம்மாவிடம் இந்தப் படங்களைக் காட்டி "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்பது. அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று குறித்து அனுப்புங்கள். செயலியில் ஓர் இனத்துக்குத் தமிழ்ப் பெயரைச் சேர்க்க வழி உண்டு. மலைநாட்டுச் செடிகள் பலவற்றுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பெரியவர்களுக்கு வயது எண்பது தாண்டிவிட்டது. இந்த வருடமே கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பிரதான வாயிலில் கூடுகிறோம். உடவத்தகெலேக்குப் போகவில்லை, பாடசாலை மதிலைச் சுற்றி மட்டும்தான் நடை. காலை மூடிய சப்பாத்து, நீளக் காலுறை, குடை கொண்டு வாருங்கள். காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசினால் அட்டை ஏறாது. எட்டு மணிக்குத் தேநீர் உண்டு, தபாலதிபர் அக்கா கடலை வடை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.